ஓவியத்தின் ஓரத்தில் நிற்பவர்: பழைய உருவப்படங்களுக்குப் புதிய விளக்கம் எழுதும் முறை

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் கலை மையத்தில் ஒரு குழு உருவப்படம் இருக்கிறது. சுமார் 1719ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகவும் ஜான் வெரெல்ஸ்ட் வரைந்ததாகவும் கருதப்படும் அந்த எண்ணெய் ஓவியத்தில், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், ஆங்கிலப் பிரபுக்களோடு மேசையருகே அமர்ந்திருக்கிறார். மேசையில் மது இருக்கிறது. பின்னணியில் அவருடைய பேரப்பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஓரத்தில், கழுத்தில் பூட்டுப் போட்ட வெள்ளிப் பட்டையோடு கறுப்பினச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். நெடுங்காலம் இந்த ஓவியத்தின் தலைப்பு பிரபுக்களைப் பெயர்சொல்லி வரிசைப்படுத்திவிட்டு, இறுதியில் அந்தச் சிறுவனைப் பெயரற்ற பணியாளாகச் சேர்த்துக்கொண்டது.

இத்தகைய உருவப்படங்கள் உலகின் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. பணம் கொடுத்து வரையச் சொன்னவரின் பார்வையிலேயே அவை வரையப்பட்டன. பிற்காலத்தில் எழுதப்பட்ட விளக்கப் பலகைகளும் பெரும்பாலும் அதே பார்வையைத் தொடர்ந்தன. இன்று அந்த அரங்கிற்குள் வருபவர்களில், ஓரத்தில் நிற்பவரைத் தம் முன்னோராகக் காண்பவர்களும் இருக்கிறார்கள், பார்வையற்றவர்களும் இருக்கிறார்கள், ஆங்கிலப் பிரபுக் குடும்பங்களைப் பற்றி எதுவும் அறியாத பள்ளி மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்த ஓவியம் பேசும்படி விளக்கத்தை எப்படித் திருத்தி எழுதுவது என்பதைக் காப்பாட்சியர்களுக்கும், அருங்காட்சியகங்களில் வழிகாட்டிகளாகப் பணிபுரிவோருக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன். யேல் ஓவியத்தையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதன் வேர்களில் ஒன்று சென்னையில் இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

முதலில் ஒரே ஓவியம்

அரங்கு முழுவதையும் ஒரே ஆண்டில் திருத்திவிட வேண்டும் என்று தொடங்கும் முயற்சிகள், ஆராய்ச்சிக்கு நேரமில்லாமல் எல்லாப் பலகைகளிலும் ஒரே மன்னிப்பு வாசகத்தை ஒட்டுவதில் முடிந்துவிடக்கூடும். அது யாருக்கும் உதவாது. ஓர் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் முன் குறைந்தது ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள், யாருடைய கை எதன்மேல் இருக்கிறது, ஒளி யார் முகத்தில் விழுகிறது, யாருடைய உடல் சட்டகத்தின் விளிம்பால் வெட்டப்படுகிறது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ள பலகையை அதன் பிறகுதான் படிக்க வேண்டும். உங்கள் குறிப்பில் இருந்து பலகையில் இல்லாமல் போனவை எவையோ, அவையே உங்கள் ஆராய்ச்சியின் தொடக்கம்.

சான்று தேடுதல்

உருவப்படத்தை ஒளிப்படமாக எண்ணிவிடக் கூடாது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் செல்வச் செழிப்பைக் காட்டுவதற்காகவே கறுப்பினப் பணியாளர்களை ஓவியத்தில் சேர்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. பியேர் மின்யார் 1682இல் வரைந்த போர்ட்ஸ்மத் சீமாட்டியின் ஓவியத்தில், சிப்பியில் முத்துகளையும் பவளத்தையும் ஏந்தி நிற்கும் கறுப்பினச் சிறுமியைக் காணலாம். அவள் பெயர் இன்றுவரை தெரியாததால் லண்டன் தேசிய உருவப்படக் கூடம் அவளை அடையாளம் தெரியாத பணிப்பெண் என்றே தலைப்பில் குறிக்கிறது. இத்தகைய உருவங்களில் சில உண்மையான ஒருவரை எதிரில் நிறுத்தி வரையப்பட்டவை, சில ஓவியரின் வழக்கமான கற்பனை உருவங்கள். எது எது என்பதை ஓவியத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது.

ஆகவே ஆவணங்களுக்குச் செல்ல வேண்டும். அமர்ந்திருப்பவரின் உயில், இறந்தபின் எடுத்த உடைமைப் பட்டியல், வீட்டுக் கணக்கு, தேவாலயத்தின் ஞானஸ்நான மற்றும் அடக்கப் பதிவேடுகள், கப்பல் பட்டியல்கள், செய்தித்தாள் விளம்பரங்கள் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. வெள்ளிக் கழுத்துப்பட்டை வெறும் ஓவிய வழக்கம்தானோ என்று ஐயுறுவோருக்கு, அக்காலத்து லண்டன் செய்தித்தாள்களே விடை தருகின்றன: தப்பியோடியவர்களைத் தேடி எசமானர்கள் கொடுத்த விளம்பரங்களில், பிடிப்பதற்கான அடையாளமாகக் கழுத்துப்பட்டை சொல்லப்பட்டிருக்கிறது.

2020இல் யேல் மையம் அந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து தற்காலிகமாக அகற்றி, ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. அந்த இடைவெளியில், டைட்டஸ் கஃபார் என்னும் அமெரிக்க ஓவியர் 2016இல் அதே ஓவியத்திற்கு மறுமொழியாகப் படைத்த ஓவியம் அங்கே தொங்கியது. அதில் பிரபுக்களின் உருவங்கள் கசங்கிச் சுருண்டுபோக, சிறுவனின் முகம் மட்டும் பொன்னிறச் சட்டகத்திற்குள், கழுத்துப்பட்டை இல்லாமல், நம்மை நேராகப் பார்க்கிறது. ஆய்வுக் குழு சிறுவனின் பெயரைக் கண்டுபிடிக்கவில்லை. அவனுக்கு ஏறத்தாழப் பத்து வயது இருக்கும் என்று கணித்தது. 2021இல் பழைய ஓவியம் புதிய விளக்கத்தோடும் புதிய தலைப்போடும் திரும்பி வந்தது. இன்றைய தலைப்பு எலிஹு யேலையும் அவருடைய குடும்பத்தினரையும் அடிமைப்படுத்தப்பட்ட குழந்தையையும் சொல்கிறது.

இந்த ஓவியத்தைப் பற்றி எழுதும் தமிழருக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. யேலின் செல்வம் சென்னையில் உருவானது. கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயத்தில் 1680இல் நடந்த முதல் திருமணமே அவருடையதுதான். அவருடைய இளம் மகன் டேவிடின் கல்லறைக் கோபுரம் உயர்நீதிமன்றத்தை அடுத்த பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. 1718இல் கனெக்டிகட்டில் இருந்த, இன்று யேல் பல்கலைக்கழகமாக உள்ள கல்லூரிக்கு அவர் அனுப்பிய ஒன்பது துணிப் பொதிகள், 417 புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் உருவப்படம் ஆகியவற்றுக்காகத்தான் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. துணிப் பொதிகள் விற்று ஏறத்தாழ 560 பிரிட்டிஷ் பவுண்டு கிடைத்தது. அவர் கோட்டையில் பணியாற்றிய காலத்தில் சென்னைக் கரையில் மனிதர்கள் விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைக் குறிப்பேடுகளே சான்று. அந்தக் குறிப்பேடுகளைப் படிக்க நியூ ஹேவனுக்குப் போக வேண்டியதில்லை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு தூண்டுதலை அடக்கிக்கொள்ள வேண்டும். சென்னையோடு இவ்வளவு தொடர்பு இருப்பதைக் கண்டதும், அந்தச் சிறுவனும் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவனாக இருப்பானோ என்று எழுதத் தோன்றும். அதற்குச் சான்றில்லை, ஆப்பிரிக்க மரபினனாகவே அவன் அடையாளம் காணப்படுகிறான். அவன் துயரத்தை நம் துயரமாக மாற்றி எழுதுவது, அவன் பெயரை ஒருமுறை எடுத்துக்கொண்டவர்களுக்குப் பின்னால் நின்று அவன் ஊரையும் எடுத்துக்கொள்வதாகிவிடும்.

பெயரும் தலைப்பும்

தலைப்பு ஓவியரே வைத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய உருவப்படங்களில் அது அரிது. விற்பனையாளர்களும் பட்டியல் எழுதியவர்களும் பிற்காலத்தில் சூட்டிய பெயர்களே மிகுதி. எனவே தலைப்பை மாற்றுவது ஓவியத்தைச் சிதைப்பதாகாது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2015இல் தன் பட்டியலிலிருந்த இழிசொற்களை ஆராய்ந்து மாற்றத் தொடங்கியபோது, சிமோன் மாரிஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த ஓர் உருவப்படம் "விசிறியுடன் இளம்பெண்" என்று பெயர் பெற்றது. அதற்குமுன் அந்தப் பெண்ணின் இனத்தைச் சுட்டும் சொல்லே தலைப்பாக இருந்தது. பழைய பெயர் பதிவேட்டிலிருந்து அழிக்கப்படக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஒருவரை எப்படி அழைத்தார்கள் என்பதும் வரலாற்றுச் சான்றுதான், ஆராய்ச்சியாளர்கள் பழைய பெயரைக் கொண்டுதான் தேடுவார்கள்.

ஆவணத்தில் பெயர் கிடைத்தால் தலைப்பிலேயே அதைச் சேர்க்கலாம். மாரி-கியெமின் பெனுவா 1800இல் வரைந்த கறுப்பினப் பெண்ணின் உருவப்படம், 2019இல் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகக் கண்காட்சியில் மதலேனின் உருவப்படம் என்ற தலைப்போடு வைக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இனப்பெயரால் மட்டும் அறியப்பட்டவர் அவர். சில வேளைகளில் பெயரே பிழையாக வழங்கும். 1774இல் லண்டனுக்கு வந்த பசிபிக் தீவினரான மாய் என்பவரை ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் சுமார் 1776இல் வரைந்தார். அவர் தம் மொழியில் "இவர் மாய்" என்னும் பொருளில் சொன்ன "ஓ மாய்" என்பதையே பெயராகக் கொண்டு ஆங்கிலேயர் அவரை "ஓமாய்" என்றே எழுதினார்கள். 2023இல் லண்டன் தேசிய உருவப்படக் கூடமும் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகமும் சேர்ந்து 50 மில்லியன் பிரிட்டிஷ் பவுண்டுக்கு அந்த ஓவியத்தை வாங்கியபோது, தலைப்பில் மாய் என்ற சரியான பெயர் முன்னால் வந்தது.

நம்மோடு இன்னும் நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டு, இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் காலின் மெக்கன்சியைத் தாமஸ் ஹிக்கி 1816இல் வரைந்த ஓவியம். இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. செந்நிறச் சீருடையில் நடுவே நிற்கும் மெக்கன்சியைச் சூழ மூன்று இந்தியர்கள் நிற்கிறார்கள். ஒருவர் கையில் ஓலைச்சுவடி இருக்கிறது, இன்னொருவர் கையில் தொலைநோக்கி இருக்கிறது. மெக்கன்சியின் பெயரால் அறியப்படும் தமிழ், தெலுங்கு, கன்னடச் சுவடிகளைத் தேடித் தொகுத்ததிலும் படித்துச் சொன்னதிலும் இத்தகைய உதவியாளர்களின் உழைப்பு பெரிது; அத்தொகுப்பின் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. அறிஞர்கள் இவர்களைச் சமண அறிஞர் தருமய்யா, காவலி வெங்கட லட்சுமய்யா, கிஷ்ணாஜி என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். "மெக்கன்சியும் உதவியாளர்களும்" என்ற பலகைக்கும், நான்கு பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் தாங்கிய பலகைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்வையாளர் எந்த விளக்கமும் இல்லாமலே உணர்வார். செலவே இல்லாத திருத்தம் இது.

தமிழில் எழுதும்போது

ஆங்கிலப் பலகையை மொழிபெயர்ப்பவர்கள் பெரிதும் கவனிக்கத் தவறுவது மரியாதை விகுதியை. ஆங்கிலத்தில் பிரபுவுக்கும் பணியாளருக்கும் ஒரே வினைச்சொல்தான். தமிழிலோ வினைமுற்றின் கடைசி எழுத்திலேயே உயர்வும் தாழ்வும் வந்துவிடுகின்றன. "ஆளுநர் அமர்ந்திருக்கிறார், வேலைக்காரன் மது ஊற்றுகிறான்" என்று நாம் எழுதினால், ஓவியர் வரைந்த படிநிலையை நம் இலக்கணம் மறுபடியும் வரைந்துவிடுகிறது. எழுதுபவருக்கு அந்த நோக்கம் இருக்காது, பழக்கம் எழுதிவிடும். இதற்கு எளிய விதி ஒன்றைப் பரிந்துரைக்கிறேன்: ஓவியத்தில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் "ஆர்" விகுதி, சிறுவர்களுக்கு "ஆன், ஆள்" என்று எழுதுவதானால், பிரபு வீட்டுப் பேரனுக்கும் அடிமைப்படுத்தப்பட்ட சிறுவனுக்கும் அதுவே. "வேலைக்காரன், வேலைக்காரி" என்பவற்றை விட்டுப் "பணியாளர், பணிப்பெண்" என எழுதலாம். இன்னும் சிறந்தது, அவர் செய்யும் வேலையை வினையாகச் சொல்லிவிடுவது.

"அடிமை" என்ற சொல்லில் இன்னும் நுட்பமான சிக்கல் உண்டு. நம் பக்தி மரபில் அடிமை என்பது ஒருவர் தாமே விரும்பி ஏற்கும் நிலை. திருவெண்ணெய்நல்லூரில் முதியவராக வந்த இறைவன் ஆளோலை காட்டிச் சுந்தரரை அடிமை கொண்ட கதை நம் காதில் இனிமையாகத்தான் ஒலிக்கிறது. அதே ஆளோலை, மனிதர்களை விற்ற ஆவணமாகவும் தமிழகத்தில் வழங்கியது. எனவே "அடிமைச் சிறுவன்" என்று பெயரடையாக எழுதும்போது அது அவன் இயல்பு போலத் தொனிக்கிறது. "அடிமைப்படுத்தப்பட்ட சிறுவன்" என்னும்போது, அதைச் செய்த ஒருவர் இருக்கிறார் என்பது வாக்கியத்திற்குள் வந்துவிடுகிறது. சொல் நீளமாகிறது என்ற குறை உண்மைதான், ஆனாலும் இந்த இடத்தில் நீளத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

"ஆயா" போன்ற தொழிற்பெயர்களைப் பெயராகக் கருதிவிடவும் கூடாது. பெர்லினில் உள்ள, ஜார்ஜ் கிளைவ் குடும்பத்தை 1760களின் நடுவில் ரெனால்ட்ஸ் வரைந்த ஓவியத்தில், குழந்தையைத் தாங்கிப் பிடித்திருக்கும் இந்தியப் பெண்ணின் பெயர் தலைப்பில் இல்லை. அங்கே "ஓர் இந்தியப் பெண், குழந்தையைப் பராமரித்தவர், பெயர் பதிவு செய்யப்படவில்லை" என்று எழுதுவது, "ஆயா" என்று எழுதி நகர்ந்துவிடுவதைவிட நேர்மையானது. "பெயர் தெரியவில்லை" என்பதைவிடப் "பெயர் பதிவு செய்யப்படவில்லை" என்பது பொருத்தம், ஏனென்றால் அவருக்குப் பெயர் இருந்தது.

பலகையை எழுதுதல்

நின்றுகொண்டு படிப்பவருக்கு அறுபது, எழுபது தமிழ்ச் சொற்களே தாங்கும். அதற்குள் மூன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும்: கண்ணால் காண்பது, ஆவணம் சொல்வது, நாம் ஊகிப்பது. யேல் ஓவியத்திற்கு நான் எழுதும் மாதிரி இது:

"வலப்புறம் நிற்கும் சிறுவனுக்கு ஏறத்தாழப் பத்து வயது. அவன் கழுத்தில் இருப்பது அணிகலன் அன்று. பூட்டுள்ள வெள்ளிப் பட்டை. அவன் பெயர் பதிவு செய்யப்படவில்லை. நடுவில் அமர்ந்திருப்பவர் எலிஹு யேல், சென்னைக் கோட்டையின் முன்னாள் ஆளுநர். அவர் பணியாற்றிய காலத்தில் சென்னையிலிருந்து மனிதர்கள் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றப்பட்டதைக் கம்பெனிக் குறிப்பேடுகள் காட்டுகின்றன. இச்சிறுவன் யேலின் வீட்டில் வாழ்ந்தவனாக இருக்கலாம். ஓவியத்திற்காக மட்டும் சேர்க்கப்பட்டவனாகவும் இருக்கலாம்."

இதில் யேலைத் திட்டும் சொல் ஒன்றும் இல்லை. உரிச்சொற்களைக் குவித்துக் கோபத்தைக் காட்டும் பலகைகளைவிட, பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் நம்பும் பலகை ஆழமாகத் தைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவின் வூஸ்டர் கலை அருங்காட்சியகம் 2018இல் இவ்வாறே செய்தது: தொடக்ககால அமெரிக்க உருவப்படங்களில் உள்ள கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் அடிமை முறையோடு இருந்த தொடர்பைத் தனிப் பலகைகளாகப் பக்கத்தில் வைத்தது. அந்த ஓவியங்களில் கறுப்பினத்தவர் ஒருவரும் வரையப்படாமலிருந்தாலும் அவர்களின் உழைப்பு அந்தப் பட்டாடையில் இருந்தது என்பதைச் சொல்ல வேறு வழியும் இல்லை. ரெம்பிராண்ட் 1634இல் வரைந்த மார்ட்டன் சோல்மன்ஸ், ஒப்யன் கொப்பிட் தம்பதியின் இரட்டை உருவப்படங்களும் அத்தகையவை. 2021இல் ரைக்ஸ் அருங்காட்சியகம் நடத்திய அடிமை முறை பற்றிய கண்காட்சி, சோல்மன்ஸ் குடும்பத்தின் செல்வம் ஆம்ஸ்டர்டாம் சர்க்கரை ஆலையிலிருந்து வந்ததையும், அந்தச் சர்க்கரைக்கு மூலப்பொருளை விளைவித்தவர்கள் பிரேசிலில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் என்பதையும் அந்தப் படங்களைக் கொண்டே சொன்னது.

கண்ணால் காண இயலாதவருக்கும் உயரம் எட்டாதவருக்கும்

எல்லோரையும் உள்ளடக்குவது என்பது சொல்லின் திருத்தத்தோடு முடிவதில்லை. ஒலி வழிகாட்டிக்கான வருணனையை எழுதும்போது முதலில் ஓவியத்தின் அளவு, பிறகு எத்தனை பேர், யார் எங்கே, பிறகு ஆடையும் முகமும் என்ற ஒழுங்கில் செல்லுங்கள். தோல் நிறத்தைச் சொல்வதானால் எல்லோருக்கும் சொல்லுங்கள். கறுப்பினச் சிறுவனின் நிறத்தை மட்டும் சொல்லி, வெள்ளையரின் நிறத்தைச் சொல்லாமல் விட்டால், கேட்பவருக்கு வெள்ளை நிறமே இயல்பு என்ற செய்தி போய்ச் சேருகிறது.

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015இல் ஆறு ஓவியங்களைத் தொட்டுணரக்கூடிய புடைப்புப் படங்களாக்கிப் பார்வையற்றோருக்காக வைத்தது. மார்பில் கைவைத்த கனவானை எல் கிரேக்கோ வரைந்த புகழ்பெற்ற உருவப்படமும் அவற்றுள் ஒன்று. அந்த அளவு செலவு எல்லா இடத்திலும் இயலாது. யேல் ஓவியம் போன்ற ஒன்றில் பட்டையையும் பூட்டையும் மட்டும் தனியே வார்த்துத் தொடக் கொடுத்தாலே போதும், அதன் அளவும் கனமும் விரல்களுக்குப் புரியும். பலகை சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டத்திற்கும் எட்ட வேண்டும். கண்ணாடியில் விளக்கொளி பட்டுத் தெறிக்காமல் இருக்க வேண்டும்.

யாரோடு சேர்ந்து எழுதுவது

ஓவியத்தில் இருப்பவர்களின் மரபைச் சேர்ந்தவர்களை வரைவின் தொடக்கத்திலேயே அழையுங்கள்; அச்சுக்குப் போகும் முன்தினம் காட்டி ஒப்புதல் கேட்பது அவமதிப்பு. அவர்கள் நேரத்திற்கு ஊதியம் கொடுங்கள், மாற்றச் சொல்லும் உரிமையும் கொடுங்கள். அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வரும். கழுத்துப்பட்டையைப் பெரிதாக்கிக் காட்டக் கூடாது என்று ஒருவர் சொல்வார், காட்டித்தான் ஆக வேண்டும் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டையும் பதிவு செய்து, முடிவெடுத்ததற்கான காரணத்தையும் எழுதி வையுங்கள்.

அரங்கில் நிற்கும் காவலர்களை மறந்துவிடாதீர்கள். பார்வையாளர் கேள்வி கேட்பது பெரும்பாலும் அவர்களிடம்தான். புதிய பலகை வைக்கப்படும் காலையில் அதை முதலில் படித்திருக்க வேண்டியவர்களும் அவர்களே. "ஏன் வரலாற்றை மாற்றுகிறீர்கள்" என்று கேட்பவருக்குப் பழைய பலகையின் நகலைக் காட்டும் ஏற்பாடு இருந்தால், மாறியது ஓவியமன்று, அதைப் பற்றி நாம் சொன்னதுதான் என்பதை அவர் கண்ணாலேயே காண்பார். இந்தக் காரணத்தினால்தான் ஓவியத்தை நிரந்தரமாகக் கிடங்கிற்கு அனுப்புவதை நான் ஏற்பதில்லை. யேலோடு சிறுவனும் சேர்ந்தே இருட்டுக்குப் போய்விடுவான்.

பலகையை அச்சிடுமுன் சாதாரணக் காகிதத்தில் ஒட்டிச் சில வாரங்கள் வையுங்கள். படித்தவர்களிடம் என்ன புரிந்தது என்று அவர்கள் சொற்களிலேயே சொல்லக் கேளுங்கள். "சிறுவன் அவர்கள் வீட்டுப் பிள்ளையா" என்று ஒருவர் கேட்டாலும் வாக்கியத்தைத் திருத்துங்கள்.

இறுதியில் பதிவேடு. புதிய விளக்கத்தை எழுதியவர், எழுதிய நாள், ஒவ்வொரு வாக்கியத்திற்கும் அடிப்படையான ஆவணம் ஆகியவற்றை ஓவியத்தின் கோப்பில் சேர்க்க வேண்டும். கணினிப் பட்டியலில் அமர்ந்திருப்பவர்களுக்கு ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தால், நிற்பவருக்கும் தனிக் கட்டம் ஒதுக்குங்கள். பெயர் என்ற இடத்தை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். ஏதேனும் ஒரு தேவாலயப் பதிவேட்டிலோ, எழும்பூரில் இருக்கும் ஒரு குறிப்பேட்டிலோ அந்தப் பெயர் ஒருநாள் கிடைத்தால், அதை எழுத அங்கே இடம் இருக்கும்.